பெங்களூரில் மினியேச்சர் பெயிண்டிங் தொடங்க உள்ளூர்ச் சாமான் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டு பதில் எழுதக் கூடாது. வார்கேம் மினியேச்சர்களுக்கு, அதாவது மேசையில் ஆடும் போர் விளையாட்டின் குட்டிச் சிப்பாய் உருவங்களுக்கு, கேம்லின், ஃபெவிக்ரில் பெயிண்ட் போதுமா, வெளிநாட்டுக் குப்பிதான் வாங்க வேண்டுமா? மடிவாளாவில் ஒற்றை அறை, ஒரு ஆள் நிற்கிற பால்கனி, அதில் இது நடக்குமா? பெட்டிப் படங்களில் எல்லாம் வெள்ளைக்கார முகமாகவே இருக்கிறதே, நம்ம ஊர் ஆளாகப் பூச முடியுமா? இந்த மூன்றுக்கும் நடுவே, "பத்தாயிரம் போட்டுவிட்டு இரண்டே மாதத்தில் பரணில் ஏற்றிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். நிஜமான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். எதில் காசு போட்டால் வேலை சுலபமாகும், எதில் போட்டால் வீண் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

எனக்குச் சோறு போடுவதே பெயிண்ட்தான். இயந்திரங்களுக்கும் இரும்புச் சாமான்களுக்கும் பூச்சு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் லேபில் வேலை. வீடு அல்சூரில். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு சிப்பாய்களோடு உட்கார்ந்துவிடுவேன், அது பல வருடப் பழக்கம். ஆகவே பெயிண்ட் ஏன் ஒட்டுகிறது, ஏன் உரிகிறது, மழையில் ஏன் வெளுக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். பிரஷ், நிறத் தேர்வு பற்றிச் சொல்வது கைப்பழக்கம். வேறு ஆள் வேறு மாதிரி சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன். ஏர்பிரஷ் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், நான் முழுக்க முழுக்க கைப்பிரஷ் ஆள்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பொழுதுபோக்கு மாதிரி தெரியும். உள்ளே சேர்ப்பது, பூசுவது, ஆடுவது என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பதில் கெட்டிக்காரர்கள் கேம்ஸ் வொர்க்‌ஷாப். 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் ஆரம்பித்த கம்பெனி; இன்று தலைமையகம் நாட்டிங்காமில். 1983-ல் வார்ஹாமர், 1987-ல் விண்வெளிக்குப் போன வார்ஹாமர் 40,000. அதே 1987-ல்தான் கோல்டன் டீமன் என்கிற பெயிண்டிங் போட்டியையும் தொடங்கினார்கள். பெட்டியைப் பார்த்தால் ஐம்பது அறுபது உருவங்கள் கொண்ட ஒரு படையே வேண்டும் என்று தோன்றும். பெட்டியின் வேலையும் அதுதான். இந்தப் பழக்கத்தை விட்டவர்களில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேரும் பெயிண்ட் வராமல் விடவில்லை. அலமாரி நிறைய சாம்பல் நிற பிளாஸ்டிக்கை அடுக்கிவிட்டு, அதைப் பார்க்கும்போதெல்லாம் மலைத்துப்போய் விட்டார்கள். எனவே முதல் தவணையில் பத்து உருவங்களுக்கு மேல் வாங்காதீர்கள். பத்தும் முடிந்த பிறகுதான் பதினொன்றாவது. இது ஒன்றைக் கடைப்பிடித்தாலே உங்கள் பத்தாயிரம் பத்திரம்.

அந்தப் பத்தை எந்தப் பொருளில் வாங்குவது என்பது முக்கியம். சந்தையில் நான்கு வகை உண்டு. கெட்டியான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், ஆரம்பிப்பவருக்கு இதுதான் நல்லது. கத்தி சுலபமாகச் சீவும்; பிளாஸ்டிக் சிமென்ட் இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும்; பிரைமரும், அதாவது முதலில் போடும் அடிப்பூச்சும், நன்றாகப் பிடிக்கும். அடுத்தது ரெசின். நுணுக்கம் அருமையாக இருக்கும். ஆனால் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரத் தடவிய வழுக்குப் பொருள் மேலே ஒட்டியிருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத் பிரஷும் போட்டுக் கழுவாமல் பூசினால் பெயிண்ட் தகடு தகடாக வரும். மூன்றாவது உலோகம். நான்காவது, நிறையப் பேர் விலையைப் பார்த்து முதலில் வாங்குவது: 1/72 அளவில் வரும் வளைகிற பிளாஸ்டிக் சிப்பாய்கள். அந்த வளைகிற பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஎத்திலீன் வகை. அதன் மேல் எதுவும் ஒட்டாது; பால் கவர் மேல் பெயிண்ட் அடித்துப் பாருங்கள், நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். துப்பாக்கி முனை ஒருமுறை வளைந்து நிமிர்ந்தால் அங்கே பெயிண்ட் போச்சு. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு ஆற்றல் அவ்வளவு குறைவு, பூசுகிறவர் கையில் தப்பில்லை. காசு மிச்சம் என்று இதில் ஆரம்பித்துவிட்டு, "எனக்கு வரவில்லை" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்குப் பிஐஎஸ் தர முத்திரையும் கட்டாயம். உங்கள் பார்சல் "பொம்மை"யா, "விளையாட்டுச் சாமான்"னா என்பது பார்சலில் எழுதியிருப்பதையும் அன்றைக்குப் பிரித்துப் பார்க்கும் அதிகாரியையும் பொறுத்தது. ஒரே மாதிரியான இரண்டு பெட்டிக்கு இரண்டு விதமாக வரி கட்டியவர்களை எனக்குத் தெரியும். எனவே இவ்வளவுதான் ஆகும் என்று யாரும் உங்களுக்கு முன்கூட்டியே உறுதி கொடுக்க முடியாது. "அண்ணன் துபாயில் இருக்கிறார், கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்கிறேன்" என்பதும் 2019 டிசம்பரோடு முடிந்துபோன கதை. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர, பார்சலை கிஃப்ட் என்று சொல்லி வரி கட்டாமல் எடுக்க முடியாது. அண்ணன் ஊருக்கு வரும்போது தன் பெட்டியில் வைத்து, பேகேஜ் சலுகைக்குள் கொண்டுவருவது வேறு விஷயம். இல்லையென்றால் இங்கே இறக்குமதி செய்து விற்பவர்களிடம் வாங்குங்கள். கொஞ்சம் கூடத்தான், ஆனால் விலை முன்பே தெரியும். இன்னொரு வழி, பெங்களூரில் ரெசினில் உருவம் அச்சிடும் 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் ஏராளம். சிற்பிகள் விற்கும் டிஜிட்டல் ஃபைலை முறையாக வாங்கி, அச்சிட்டுத் தரும்படி கேட்கலாம். ஒரு கம்பெனியின் உருவத்தை அப்படியே பிரதி எடுத்து விற்பவர்கள் பக்கம் போகாதீர்கள். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிரதியில் விரல்களும் பெல்ட் கொக்கியும் மழுங்கிப்போய் வரும், பூசுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

இப்போது பெயிண்ட். கேம்லின் மட்டம், வல்லேஹோ என்கிற வெளிநாட்டு மினியேச்சர் பெயிண்ட் உசத்தி என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், விஷயம் அப்படி இல்லை. அக்ரிலிக் பெயிண்ட் என்றால் தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள், நிறமித் துகள், மீதி சில சில்லறைகள். தண்ணீர் ஆவியானதும் பிளாஸ்டிக் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. எல்லாக் குப்பியிலும் இதே வேதியியல்தான். வேறுபாடு மூன்று இடத்தில் வரும். நிறமியை எவ்வளவு நைசாக அரைத்திருக்கிறார்கள், எவ்வளவு அடர்த்தியாகப் போட்டிருக்கிறார்கள், இடத்தை அடைக்கச் சுண்ணாம்பு மாதிரி எதையாவது சேர்த்திருக்கிறார்களா. துணிக்கும் கேன்வாஸுக்கும் செய்த பெயிண்டுக்கு நைசு தேவையே இல்லை. மேடு பள்ளம் தெரிந்தால்தான் அங்கே அழகு. 28 மி.மீ. சிப்பாயின் முகம் நான்கைந்து மி.மீ. அகலம்தான். அதன் மேல் அரை மி.மீ. கெட்டியாகப் பெயிண்ட் ஏறினால் மூக்கும் உதடும் மூடிப்போகும். நைசாக்கலாம் என்று தண்ணீர் ஊற்றினால் மாணவர் ரகப் பெயிண்டில் நிறமி போதாமல் அடி நிறம் தெரியும். இன்னும் ஊற்றினால் பிளாஸ்டிக் துகள்கள் விலகிப்போய்ப் படலமே சரியாக அமையாது, காய்ந்ததும் ஓரத்தில் வளையம் கட்டும். வல்லேஹோ, ஆர்மி பெயின்டர், சிட்டாடல் போன்றவை இந்த அளவுக்கென்றே நைசாகவும் அடர்த்தியாகவும் செய்யப்பட்டவை. நீர்மோர் பதத்துக்குக் கரைத்து இரண்டு மூன்று தடவை பூசினாலே மூடிவிடும்.

அதனால் என் கணக்கு இப்படி. முகம், கை, சட்டை, தோல் வார், இதற்கெல்லாம் மினியேச்சர் பெயிண்ட். அதிலும் பெட்டியாக நாற்பது நிறம் வாங்க வேண்டாம். கறுப்பு, வெள்ளை, கரும்பழுப்பு, செம்பழுப்பு, காவி மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு கருநீலம், ஒரு வெள்ளி, ஒரு பழுப்பு வாஷ் (பள்ளங்களில் ஓடித் தங்கும் நீர்த்த பெயிண்ட்). ஒன்பது குப்பி. பச்சை, ஊதா, சாம்பல் எல்லாம் கலந்து வந்துவிடும். கலந்து பழகினால்தான் நிறம் கைக்கு வரும். உருவம் நிற்கும் அடித்தட்டு, மண், பாறை, சுவர், மரம் போன்றவற்றுக்கும், அவற்றின் மேல் டிரைபிரஷ் செய்வதற்கும் (பெயிண்டைத் துடைத்துவிட்டு, காய்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது) கேம்லினும் ஃபெவிக்ரிலும் தாராளமாகப் போதும். அங்கே விலை கூடிய குப்பியைக் கொட்டுவதுதான் வீண். குப்பியில் ஒரு விஷயம்: வல்லேஹோ சொட்டு சொட்டாக விழும் மூக்குக் குப்பி, சிட்டாடல் மூடியைத் திறக்கும் டப்பா. நம்ம ஊர் ஏப்ரலில் மூடி சரியாக மூடாத டப்பா காய்ந்து ரப்பராகிவிடும். நான் மூக்குக் குப்பிக்குத்தான் ஓட்டு.

மஞ்சளும் சிவப்பும் எவ்வளவு பூசினாலும் மூடவில்லை என்று நிச்சயம் ஒருநாள் புலம்புவீர்கள். அது குப்பியின் குறை அல்ல. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறமிகளில் பல இயல்பிலேயே ஒளியை ஊடுருவ விடுபவை. கறுப்புப் பிரைமர் மேல் மஞ்சள் அடித்தால் பாசிப் பச்சையாகத் தெரியும். அடியில் காவி மஞ்சளோ, வெளிர் பழுப்போ ஒரு கை போட்டுவிட்டு மேலே மஞ்சள் பூசுங்கள். சிவப்புக்கு அடியில் செம்பழுப்பு. இரும்பு ஆக்சைடு நிறமிகளான காவியும் செம்பழுப்பும் ஒரே பூச்சில் மூடும். அதனால்தான் என் ஒன்பதில் பழுப்பு வகை மட்டும் இவ்வளவு.

2019-ல் சிட்டாடல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட், அதற்குப் பிறகு வந்த ஸ்பீட்பெயிண்ட் எல்லாம் வெளிர் பிரைமர் மேல் ஒரே பூச்சில் பள்ளத்தில் கருமை, மேட்டில் வெளிச்சம் என்று தானாகப் பிரிந்து நிற்கும். வேகம் உண்மைதான். முதலிலேயே இதில் ஆரம்பிக்கலாமா என்பதில் எனக்கே உறுதியான கருத்து இல்லை. சீக்கிரம் பத்தை முடித்தால் உற்சாகம் வரும் என்பவர்களும் சரி, பிரஷ் பிடிக்கவே பழக மாட்டார்கள் என்பவர்களும் சரி. முடி, உரோமம், கம்பளி, மரக்கட்டை மாதிரி மேடு பள்ளம் நிறைந்த இடத்துக்கு அருமை. வழவழப்பான கவசத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். அது வரை உறுதி.

பிரஷில் கஞ்சத்தனம் வேண்டாம். எல்லோரும் பரிந்துரைக்கும் கோலின்ஸ்கி சேபிள் என்பது சைபீரிய மரநாய் வகையின் வால்முடி. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நனைத்து எடுத்தால் ஊசிமுனையாகக் கூடும். வின்சர் அண்டு நியூட்டனின் சீரீஸ் 7 என்ற பிரஷ் 1866-ல் விக்டோரியா ராணிக்காகச் செய்யப்பட்டது. இன்றும் மினியேச்சர்காரர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். ஒரு வேடிக்கை, அந்தப் பிராணி நம் இமயமலையிலும் வாழ்கிறது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் அதைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அதனால் எல்லை தாண்டும்போது காகிதம் கேட்பார்கள். இங்கே சில கடைகளில் குரலைத் தாழ்த்தி "கீரி முடி சார்" என்று எடுத்துக் காட்டுவார்கள். வாங்காதீர்கள். கீரி நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. அந்தப் பிரஷை விற்பது குற்றம், அதற்காகக் கீரிகளைக் கொல்கிறார்கள். முதல் பத்து உருவத்துக்கு நல்ல சிந்தெட்டிக் 1-ம் நம்பரும் 2-ம் நம்பரும் போதும், டிரைபிரஷுக்கு உதிராத பழைய மேக்கப் பிரஷ் ஒன்று. கண் வரைய 000 வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவ்வளவு சின்னதில் இருக்கும் துளிப் பெயிண்ட், கை போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடும். முனை கூர்மையாக இருக்கிற 1-ம் நம்பரே கண்ணையும் வரையும். முடியைப் பிடித்திருக்கும் உலோக வளையத்துக்குள் பெயிண்ட் ஏற விடாதீர்கள், சாதாரணக் குளியல் சோப்பில் கழுவி முனையை விரலால் கூட்டி வையுங்கள். வாயில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். சில நிறமிகளில் காட்மியம், கோபால்ட் இருக்கலாம்.

பெயிண்ட் சீக்கிரம் காயாமல் இருக்க வெட் பேலட், அதாவது ஈரமாகவே இருக்கும் நிறம் கலக்கும் தட்டு, என்பார்கள். கடையில் வாங்கத் தேவையில்லை. மூடி உள்ள தட்டையான டிபன் டப்பா, அடியில் ஈரப் பஞ்சுத் துணி, மேலே காகிதம். காகிதம்தான் சூட்சுமம்: மெழுகு பூசிய பட்டர் பேப்பரில் ஈரம் மேலே ஏறாது. கேக் செய்பவர்கள் ஓவனில் விரிக்கும் பார்ச்மென்ட் பேப்பர் வாங்குங்கள். டப்பாவை மூடி வைத்தால் மறுநாளும் அதே நிறம் தயாராக இருக்கும்.

உங்கள் பால்கனிக்கு வருகிறேன், பெங்களூர்க்காரர்கள் அதிகம் அடிவாங்குவது பிரைமரிலும் வார்னிஷிலும்தான். ஸ்பிரே கேனிலிருந்து வரும் கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது உருவத்தின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, படலத்துக்குள் சிக்கி, வெள்ளை பூத்துவிடும். தொழிற்சாலையில் இதற்கு பிளஷிங் என்று பெயர். ஈரப்பத மீட்டரைப் பார்க்காமல் நாங்கள் லேபில்கூடத் தெளிக்க மாட்டோம். நம் ஊரில் ஜூனில் ஆரம்பித்து நவம்பர் வரை ஏதாவது ஒரு மழை, அதில் செப்டம்பரும் அக்டோபரும் உச்சம். பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டு கிடக்கும், அதுதான் ஸ்பிரேக்குப் பொற்காலம். ஆனால் வறண்ட மத்தியானத்தில் எட்ட நின்று அடித்தால் இன்னொரு வினை: துளி காற்றிலேயே பாதி காய்ந்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக வந்து விழும். வறண்ட நாளில் ஒரு சாண் தூரத்தில், காலை வேளையில், ஒவ்வொரு வீச்சிலும் லேசாக. மழைக்காலத்தில் ஸ்பிரேயை மறந்துவிட்டு, பிரஷால் பூசும் பிரைமர் வாங்குங்கள். தண்ணீரில் கரையும் வகை, வாடையும் இல்லை, ஒற்றை அறைக்கு ஏற்றது. மெல்லியதாக இரண்டு கை பூசி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் போதும். காருக்கு அடிக்கும் பிரைமர் கேன் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும், பயன்படுத்தலாம்தான். ஆனால் சிலவற்றின் கரைப்பான் பாலிஸ்டைரீனை அரித்துவிடும். உருவங்கள் ஒட்டிவந்த சட்டகத் துண்டில் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் உருவத்தில் அடியுங்கள். ஸ்பிரே கேனை விமானத்தில் அனுப்ப மாட்டார்கள், ஆன்லைனில் வாங்கினால் ரோடு வழியாக மெதுவாகத்தான் வரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேட் வார்னிஷிலும் இதே வெளுப்பு வரும், கூடவே இன்னொரு காரணமும் உண்டு. பளபளப்பைக் குறைப்பது அதில் கலந்திருக்கும் சிலிக்கா தூள். குப்பியைச் சரியாகக் குலுக்காவிட்டால் அது அடியில் தங்கி, கடைசியில் மொத்தமாக வந்து இறங்கும். மாதக்கணக்கில் பூசிய முகம் சாம்பல் தெளித்த மாதிரி ஆகிவிட்டால் மனசே உடைந்துபோகும். தூக்கிப் போடாதீர்கள். மேலே கிளாஸ், அதாவது பளபளப்பான, வார்னிஷ் ஒரு கை பூசிப் பாருங்கள். ஒளியைச் சிதறடிக்கிற அந்தச் சொரசொரப்பைக் கிளாஸ் நிரப்பிவிடுவதால் நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மேட்டை மறுபடி பூசலாம்.

முகத்தை நம்ம ஊர் ஆளாகப் பூசுவது பற்றிக் கேட்டீர்களே, எனக்குப் பிடித்த கேள்வி அதுதான். முடியும், ஆனால் பெட்டியில் வரும் "ஸ்கின்" நிறங்களைக் கருமையாக்கிக்கொண்டு போனால் வராது. தவறு நடப்பது வெளிச்சம் வைக்கும் இடத்தில். வெள்ளை கலந்து வெளிச்சம் வைத்தால் நம் தோல் விபூதி பூசிய மாதிரி வெளிறிவிடும். இப்படிச் செய்து பாருங்கள். கரும்பழுப்பு ஒரு பங்கு, செம்பழுப்பு ஒரு பங்கு கலந்து முகம் முழுக்க அடி நிறம். அதே கலவையில் கருநீலம் துளியூண்டு சேர்த்துக் கண்குழி, தாடைக்கு அடி, தலைப்பாகை நெற்றியைத் தொடும் கோடு, இந்த இடங்களில் நிழல். பிறகு அடிக் கலவையில் காவி மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்து கன்ன மேடு, மூக்குத் தண்டு, தாடை நுனி, காது மடல். கடைசி வெளிச்சத்துக்கு மட்டும் அந்தக் காவியில் வெள்ளை ஒரு ஊசிமுனை அளவு, மூக்கு நுனியிலும் கன்னத்தின் உச்சியிலும் ஒரு புள்ளி. கீழுதட்டில் சிவப்பும் பழுப்பும். உள்ளங்கை தெரிகிற சிப்பாயாக இருந்தால் அதை ஒரு படி வெளிறிய நிறத்தில் விடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், ஆனால் அது ஒன்று சரியாக வந்தாலே உருவம் உயிரோடு நிற்கும். கண்ணில் சுத்த வெள்ளை வேண்டாம், வெளிர்ச் சாம்பல் பழுப்புப் போதும். இல்லாவிட்டால் எல்லோரும் திடுக்கிட்ட முழியோடு இருப்பார்கள்.

நிழலும் வெளிச்சமும் ஏன் இவ்வளவு மிகையாக வைக்க வேண்டும் என்று தோன்றலாம். ஒரு அங்குல உருவத்தின் மேல் அறை விளக்கின் ஒளி பட்டால் நிஜ மனிதன் மேல் விழுவது மாதிரி நிழல் விழாது, எல்லாம் சப்பையாகத் தெரியும். விழாத நிழலைத்தான் நாம் பிரஷால் வரைகிறோம். ஆட்ட மேசையில் பார்க்கிறவர் இரண்டு மூன்று அடி தள்ளி நிற்பார். கையில் வைத்து உற்றுப் பார்க்கும்போது "ரொம்ப ஓவரோ" என்று தோன்றினால், மேசையில் சரியாக இருக்கும். அந்தத் தூரத்தில் வைத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள், போனில் பெரிதாக்கிய போட்டோவைப் பார்த்து அல்ல.

நம்ம ஊர் ஆள் என்று வந்துவிட்டதால் இன்னொரு யோசனை. விண்வெளி வீரனைத்தான் பூச வேண்டும் என்று சட்டம் இல்லை. நீங்கள் வேலை செய்யும் இந்த ஊரின் கோட்டையைத் திப்புவிடமிருந்து ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் 1791-ல் பிடித்தார். அதன் மிச்சம் இன்றும் கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் நிற்கிறது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கடைசிப் போர். 1803-ல் மராட்டியருக்கு எதிரான அஸ்ஸே போரில் வெல்லெஸ்லியின் படையில் மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி, அதாவது சிவப்புக் கோட்டுப் போட்ட நம்மவர்கள். என் வீட்டுக்குப் பக்கத்திலேயே முகாம் இருக்கும் ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸின் வரலாறு 1780-ல் தொடங்குகிறது. இன்றும் அவர்களைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். திப்புவின் காலாட்படைக்கு ஊதாச் சட்டையில் வெள்ளைப் புலிவரிப் புள்ளிகள் என்று அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊதாவின் சாயல் எது என்பதில் ஆளுக்கொரு கருத்து; சாயம் வெயிலில் வெளுக்கும், தறிக்குத் தறி மாறும். எனவே ஒரே அணியில் நான்கு விதமான ஊதா இருந்தாலும் யாரும் உங்களைத் தப்பு சொல்ல முடியாது, ஆரம்பிப்பவருக்கு இதைவிட வசதியான யூனிஃபார்ம் கிடையாது. புள்ளிகளை மட்டும் கடைசியில், சட்டையின் நிழல் வெளிச்சம் எல்லாம் முடிந்த பிறகு, வெளிர்ச் சாம்பலில் வையுங்கள். மடிப்புக்குள் போகும் புள்ளி கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும்.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சின்ன ட்வீசர், கைத்துரப்பணம், குட்டி நியோடைமியம் காந்தம் எல்லாம் கிடைக்கும். ரெசினுக்கும் உலோகத்துக்கும் ஃபெவிக்விக் போதும். ஆனால் அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் பரப்பில் வெள்ளையாகப் படியும், அதனால் ஒட்டும் வேலை முழுக்க முடிந்த பிறகே பெயிண்ட். அடித்தட்டு மணலுக்கு ஃபெவிகால். மணலை டீ வடிகட்டியில் சலித்துக் கழுவிக் காயவையுங்கள். இடைவெளி அடைக்க எம்-சீல் ஓடும், ஆனால் அது கரடு; பாறை, மண்மேடு செய்யலாம், முகத்துக்கும் துணி மடிப்புக்கும் கிரீன் ஸ்டஃப் என்று விற்கும் பிசையும் பசையே சரி. விளக்குக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள், பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை எல்இடி, கைக்கு இடது பக்கத்தில். மஞ்சள் பல்பின் கீழ் கலந்த நிறம் காலையில் வேறாகத் தெரியும்.

உடம்புக்கு ஆகாதவை இரண்டு, இதில் கருத்து வேறுபாடே கிடையாது. ரெசினை உப்புத்தாளில் தேய்த்தால் வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள். பிரிண்டரிலிருந்து ஒட்டுகிற மாதிரி ஈரமாக வந்த உருவத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், ரெசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்தால் பிறகு ஒவ்வொரு முறையும் வரும். அச்சிட்டுத் தருபவரிடம் கழுவி, புற ஊதா விளக்கில் முழுக்கக் கெட்டியாக்கித் தரச் சொல்லுங்கள். பழைய உலோக உருவங்களை யாரிடமாவது வாங்கினால், தொண்ணூறுகளுக்கு முந்தியவற்றில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தொட்டால் கை கழுவுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஆட ஆள் கிடைக்குமா என்பதைக் கடைசியில் ஒரு வரியாகத்தான் கேட்டிருந்தீர்கள். கிடைப்பார்கள், ஆனால் முழுப் படையோடு மூன்று மணி நேர ஆட்டத்துக்கு ஆள் பிடிப்பதைவிட, பத்து உருவங்களில் முடிகிற சின்ன ஆட்டத்துக்கு ஆள் பிடிப்பது சுலபம். 2015-ல் வந்த ஃப்ராஸ்ட்கிரேவ் மாதிரி விதிநூல்களில் எந்தக் கம்பெனி உருவத்தையும் வைத்து ஆடலாம். ஒன் பேஜ் ரூல்ஸ் என்பது அடிப்படை விதிகளை இலவசமாகவே தருகிறது. இந்திராநகர், கோரமங்களா பக்கம் போர்டுகேம் ஆடுகிற இடங்களில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் பத்துச் சிப்பாய்களையும் அளவு நாடாவையும் மேசையில் வைத்துப் பாருங்கள். பெயிண்ட் அடித்த உருவத்தைப் பார்த்தால் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்துவிடுவார். "கொலுவுக்கா சார்?" என்று ஒரு தமிழ்க் குடும்பம் கேட்டதும் உண்டு, கேட்ட அம்மா போவதற்கு முன் இரண்டு முறை பகடை உருட்டிவிட்டுத்தான் போனார்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: விளக்கு, இரண்டு பிரஷ், பிரைமர், ஒன்பது குப்பி, கத்தி, சிமென்ட், அப்புறம் பாலிஸ்டைரீன் பெட்டி ஒன்றே ஒன்று. எட்டாயிரத்துக்கு மேல் போனால் குப்பி எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள், பெட்டியைச் சின்னதாக எடுங்கள். வாங்குவது மழைக்காலத்தில் என்றால் பிரஷ் பிரைமராகவே கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஸ்பிரே கேனைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்.